மேயோவில் ஒரு பழைய ரயில் பாதை

புதன், வெஸ்ட்போர்ட்

டப்ளின் ஹியூஸ்டன் ஸ்டேஷனில் ஏறினால் வெஸ்ட்போர்ட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அத்லோனில் ஷானன் ஆற்றைத் தாண்டியதுமே வயல்கள் சிறுத்துப்போய்விடுகின்றன. கல் வேலிகள் நெருங்குகின்றன. கிளேர்மாரிஸ் தாண்டும்போது பெட்டியில் நானும், பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டியும், கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுத் தூங்கும் இரண்டு கல்லூரிப் பையன்களும்தான் மிச்சம்.

செப்டம்பர் கடைசி வாரம். "இப்பப் போய் என்ன பார்ப்பே, மழைதான் பார்ப்பே" என்றார் அலுவலக நண்பர். கூட்டம் வடிந்த பிறகு ஒரு சுற்றுலா ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்கத்தான் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜூலையில் எந்தக் கடற்கரை ஊரும் செழிப்பாகத்தான் தெரியும்.

மேயோ அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பெரிய கவுண்டி, அதாவது நம்ம ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே 3 லட்சத்து 88 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2022இல் 1 லட்சத்து 38 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் உருளைக்கிழங்குப் பஞ்சம், அதன் பின் நூறாண்டுக்கு மேலாகக் கப்பலேறிப் போன தலைமுறைகள். இங்கே "வளர்ச்சி" என்று யார் பேசினாலும் அதன் அடியில் ஒரே கேள்விதான்: இருக்கிற பிள்ளைகளை எப்படி ஊரில் நிறுத்துவது?

வெஸ்ட்போர்ட் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். கேரோபெக் ஆறு நடுவில் கால்வாய் மாதிரி ஓட, இரு கரையிலும் மரங்கள். எட்டுப் பக்கம் கொண்ட சந்தைத் திடல். 2012இல் ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகை நடத்திய போட்டியில் நாட்டிலேயே வாழச் சிறந்த இடம் என்று தேர்வானது. ஏழாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் இந்த வாரத்திலும் கடைகள் திறந்திருப்பது எப்படி என்று யோசித்தபடி நடந்தேன். பதிலில் பாதி ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இருக்கிறது. முகச் சுருக்கம் போக்கும் போடாக்ஸ் மருந்து தயாராவது இந்தச் சிற்றூரில்தான். 1977இல் இங்கே வந்த அல்லர்கன் நிறுவனம் இப்போது ஆப்வி என்ற மருந்து நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம். ஜனவரியில் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அவர்கள்தான். சுற்றுலாவால் முன்னேறிய ஊர் என்று வெஸ்ட்போர்ட்டை உதாரணம் காட்டும் கட்டுரைகள் பலவற்றில் இந்தத் தொழிற்சாலை வருவதே இல்லை. எனக்கு அது கொஞ்சம் கள்ளக் கணக்காகப் படுகிறது.

நாளை சைக்கிள். 1937இல் மூடிய ரயில் பாதையின் மேல் போட்ட 42 கிலோமீட்டர் சைக்கிள் வழி, கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே. எல்லோரும் இங்கிருந்து மேற்கே மிதிப்பார்கள். நான் அக்கில் தீவு வரை வேனில் போய்விட்டுத் திரும்பி வரப்போகிறேன். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும். முதுகில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வியாழன், அக்கில்

சைக்கிள் வாடகைக் கடைக்காரரே வேனில் ஏற்றி அக்கில் சவுண்டில் இறக்கிவிட்டார். தீவை நிலத்தோடு இணைப்பது மைக்கேல் டேவிட் பாலம். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், நாளை மறுநாள் தேவைப்படும். டேவிட் இதே கவுண்டியில் ஸ்ட்ரேட் என்ற ஊரில் 1846இல் பிறந்தவர். நாலு வயதில் குடும்பத்தோடு நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, இங்கிலாந்தில் பஞ்சாலை வேலைக்குப் போய் பதினோரு வயதில் வலது கையை இழந்தவர். 1879இல் குத்தகை விவசாயிகளுக்காக லேண்ட் லீக் சங்கத்தைத் தொடங்கியவர். முதல் பாலத்தை 1887இல் திறந்துவைத்ததும் அவரே. இப்போதிருப்பது 2008இல் கட்டியது.

ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட கிராமம் ஒன்று இருக்கிறது. கூரையில்லாத கல் வீடுகள் எண்பது, தொண்ணூறு இருக்கும், ஒரே வரிசையாக நீண்டு போகின்றன. உள்ளே நுழைந்து சுவரைத் தடவிப் பார்த்தேன். தாழ்ந்த பக்கத்துச் சுவரில் மாடு கட்டுவதற்கென்று கல்லிலேயே செய்து பதித்த வளையம். ஒரே அறை. மேட்டுப் பக்கம் மனிதர்கள், பள்ளத்துப் பக்கம் மாடு. வெளியே சரிவில் வெயில் சாய்வாக விழுந்ததும் தரையில் வரிவரியாக மேடுகள் தெரிந்தன. உருளைக்கிழங்குப் பாத்திகள். கடைசியாகக் கிழங்கு ஊன்றி நூறு வருடத்துக்கு மேலாகியும் பாத்தி அழியவில்லை. பின்னாளில் கோடை மாதங்களில் மட்டும் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து இந்த வீடுகளில் தங்கிப் போனார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

கீம் கடற்கரைக்குப் போகும் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். மேலே நின்று பார்த்தால் குதிரை லாட வடிவில் பச்சைத் தண்ணீர். 1947 முதல் 1975 வரை இந்தச் சின்ன வளைகுடாவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கிங் சுறாக்களைக் கொன்றிருக்கிறார்கள். பேருந்து நீளம் வளரும், யாரையும் கடிக்காத மீன். ஈரல் எண்ணெய்க்காக வேட்டை. வலை விரித்து மாட்டவைத்து, தார் பூசிய துணிப் படகில் நெருங்கிப் போய் ஈட்டியால் குத்துவார்களாம். வேட்டை நின்றது கருணையால் இல்லை. மீன் வரத்து குறைந்தது, எண்ணெய்க்கும் கிராக்கி போனது. அயர்லாந்தில் அந்தச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 2022இல்தான். இப்போது அதே மீனைப் பார்ப்பதற்காகவே கோடை தொடக்கத்தில் ஆட்கள் வருகிறார்கள். விடுதிக்காரரிடம் கேட்டதற்கு, "என் அப்பாவுக்கு அது சம்பளம், எனக்கு அது விளம்பரப் படம்" என்றார்.

தூத்துக்குடிக்காரனான எனக்கு இங்கே ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. உப்பு! 2013இல் ஒரு குடும்பம் வீட்டு அடுப்பில் கடல் தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்துத் தொடங்கிய தொழில், இன்று நாடு முழுக்கக் கடைகளில் கிடைக்கிறது. நம் உப்பளத்தில் பாத்தி கட்டித் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டால் மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கே வெயிலை நம்பினால் உப்பு ஒரு சிட்டிகைகூடத் தேறாது. கொதிகலனில் சுண்டக் காய்ச்சி, மேலே மிதக்கும் செதில்களைக் கையால் அள்ளுகிறார்கள். ஒரு சின்ன டப்பாவின் விலையில் ஊரில் ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கிவிடலாம். இருந்தாலும் வாங்கினேன். மழையில் விற்க முடிகிற, பிப்ரவரியிலும் வேலை தருகிற பொருள் என்பது இந்தத் தீவுக்குச் சின்ன விஷயமில்லை.

விடுதிக்காரர் சொன்ன ஒரு வேடிக்கையோடு முடிக்கிறேன். பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைப் புதுப்பித்துக் குடியேறினால் அரசு மானியம் தருகிறது. 50,000 யூரோ வரை, இடிந்த வீடென்றால் 70,000 வரை. கடல் நடுவே இருக்கும் தீவுகளுக்கு 2023 முதல் இன்னும் கூடுதல்: 84,000 வரை. எதிரே தெரியும் கிளேர் தீவுக்கு அது உண்டு. அக்கிலுக்குக் கிடையாது. ஏன்? பாலம் இருக்கிறதே! "டேவிட் வந்து திறந்து வெச்சது எங்களுக்கு இப்படி வினையா முடிஞ்சுது பாருங்க" என்று சிரித்தார்.

வெள்ளி, மல்ரனி

அக்கில் சவுண்டிலிருந்து மல்ரனி வரை 13 கிலோமீட்டர். நினைத்தபடியே காற்று முதுகில். ஒரு பக்கம் மக்கிய செடிகளாலான பீட் சதுப்பு, பழுப்பும் ஊதாவும். இன்னொரு பக்கம் கடல் உள்ளே வந்து வந்து போகிறது. வேலியோரம் கரும்பெர்ரி பழுத்துத் தொங்குகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பறித்துத் தின்றதில் விரலெல்லாம் கறை.

இந்தப் பாதையின் கதை நல்ல கதையில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பிரையன் ருவா என்ற ஒருவர் குறி சொன்னாராம்: இரும்புச் சக்கர வண்டிகள் புகையும் நெருப்பும் கக்கிக்கொண்டு அக்கிலுக்கு வரும், முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணம் ஏற்றி வரும் என்று. 1894 ஜூன் மாதம், ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு அறுவடை வேலைக்குப் புறப்பட்ட அக்கில் இளைஞர்கள் படகில் வெஸ்ட்போர்ட் துறைக்குப் போனார்கள். தாங்கள் ஏற வேண்டிய நீராவிக் கப்பலைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓட, படகு கவிழ்ந்தது. 32 பேர் இறந்தார்கள். முறையாகத் திறப்பதற்கு முன்பே அந்த உடல்களைக் கொண்டுவர இந்தத் தடத்தில் ரயில் ஓடியது. 1937 செப்டம்பரில், அதே வேலைக்கு ஸ்காட்லாந்து போயிருந்த பத்துப் பையன்கள் கிர்கின்டில்லாக் என்ற ஊரில் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்துக் கருகினார்கள். அவர்களைச் சுமந்துவந்த ரயில் ஓடி இரண்டு வாரத்துக்குள் பாதை மூடப்பட்டது. குறி சொன்னது பலித்ததா என்பதில் எனக்கு அக்கறையில்லை. முதலில் போனவர்களும் கடைசியில் போனவர்களும் ஒரே வேலைக்கு, ஒரே கூலிக்குப் போனார்கள் என்பதுதான் உறுத்துகிறது. நடுவில் நாற்பது வருடம் ரயில் ஓடியிருக்கிறது.

அந்த ரயிலும் "பின்தங்கிய பகுதி மேம்பாடு" என்று லண்டன் அரசு பணம் கொடுத்துப் போட்டதுதான். மீன் வெளியே போகும், பயணிகள் உள்ளே வருவார்கள் என்று கணக்கு. பயணிகளுக்காக ரயில் கம்பெனியே 1897இல் மல்ரனியில் பெரிய ஓட்டல் கட்டியது. பயணிகள் வந்தார்கள்தான், ஆனால் ஊர்ப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகவே ரயில் அதிகம் பயன்பட்டது. ஓட்டல் 1990இல் மூடியது. பதினைந்து வருடம் பூட்டிக் கிடந்து 2005இல் திரும்பத் திறந்தது. இப்போது சைக்கிள் பாதை அதன் பின்புறமாகவே போகிறது.

ஊரின் இன்னொரு பெருமை ஆடு. மலையில் திரியும் நீண்ட தாடிக் காட்டு ஆடுகள், பழைய ஐரிஷ் ஆட்டு இனத்தின் எச்சம். அதைக் காப்பாற்ற மல்ரனிக்காரர்கள் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் முழுக்கத் தேடியும் எனக்கு ஒரு தாடிகூடக் கண்ணில் படவில்லை.

இரவு விடுதிக்கார அம்மா தன் காரில் பாலிகிராய் பக்கம் அழைத்துப்போனார். வைல்டு நெஃபின் தேசியப் பூங்காவையும் சுற்றுப்புறத்தையும் 2016இல் இருண்ட வானப் பூங்காவாகச் சர்வதேச அமைப்பு அங்கீகரித்தது, தங்கத் தரத்தில். முக்கால் மணி நேரம் மேகம் மூடிக்கிடந்தது. பிறகு கிழக்கே கிழிந்தது. பால்வீதி என்றால் பாடப்புத்தகப் படம் என்றிருந்தவனுக்கு அதில் கறுப்புப் பிளவுகள்கூடத் தெரிந்தன. நியாயமாகச் சொன்னால், இந்தக் கவுண்டியின் சுற்றுலா யோசனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இருட்டுக்குக் கட்டடம் வேண்டாம், விளக்கைத் தரைப்பக்கம் திருப்பினால் போதும். கோடையில் இங்கே இரவு பத்தரை வரை வெளிச்சம் இருக்கும். நட்சத்திரம் பார்க்க வேண்டுமானால் இலையுதிர்காலத்திலும் குளிரிலும்தான் வந்தாக வேண்டும். வானம் பார்க்கும் திருவிழாவையும் அந்த மாதங்களில்தான் வைக்கிறார்கள். "நவம்பரில் என் வீட்டில் விருந்தாளி தங்குவார்கள் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பேன்" என்றார் அந்த அம்மா.

சனி, நியூபோர்ட் வழியாக வெஸ்ட்போர்ட்

இன்று 29 கிலோமீட்டர். மல்ரனியிலிருந்து நியூபோர்ட் வரை 18, அங்கிருந்து வெஸ்ட்போர்ட் 11. பாதி தூரம் தூறல்.

மல்ரனி தாண்டிச் சில கிலோமீட்டரில் ஒரு கேட். அந்தப் பக்கம் பாதை நிறைய செம்மறி ஆடுகள். முதுகில் நீலச் சாயம் ஒரு தீற்று, இடுப்பில் சிவப்பு ஒரு தீற்று. மலையில் கலந்து மேயும்போது யார் ஆடு என்று தெரிவதற்கான அடையாளம். பின்னால் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவரும், தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு நாயும். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடுகள் போய் முடிந்ததும் அவரே பேச்சுக் கொடுத்தார்.

பாதை போகிற துண்டு நிலம் அவருடையது. ரயில் நின்ற பிறகு தடம் இருந்த இடம் பக்கத்து விவசாயிகளிடம் வந்து சேர்ந்துவிட்டது. சைக்கிள் பாதை போட நினைத்தபோது மேயோ கவுண்டி கவுன்சில் அதைக் கையகப்படுத்தவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் கேட்டது. 161 நில உடைமையாளர்கள். எல்லோரும் சம்மதித்தார்கள். நிலம் இன்றைக்கும் அவர்கள் பெயரில்தான். நடந்துபோகவும் சைக்கிள் ஓட்டவும் அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாமென்றால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

"காசு கொடுத்தாங்களா?"

"வேலி போட்டுக் கொடுத்தாங்க. இந்த கேட் அவங்க போட்டதுதான். யாராவது விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா கேஸ் என் மேல வராது, அதையும் எழுதிக் கொடுத்தாங்க."

"பின்னே எதுக்குச் சம்மதிச்சீங்க?"

அவர் நாயைப் பார்த்து ஒரு விசில் அடித்துவிட்டுச் சொன்னார்: "வந்தவர் சமையலறையில உட்கார்ந்து ரெண்டு டீ குடிச்சார். உங்க நிலம், உங்க இஷ்டம்னார். அப்படி யாரும் எங்ககிட்டப் பேசினதில்லை. எடுத்துக்கப் போறோம்னு ஒரு கடுதாசி வந்திருந்தா, நான் செத்தப்புறமும் கொடுத்திருக்க மாட்டேன்."

டேவிட் தேவைப்படுவார் என்று சொன்னது இதற்காகத்தான். இவருடைய பாட்டனுக்கு அப்பன் காலத்தில் இந்த மண் ஒரு துரையுடையது. வாடகை கட்டவில்லை என்றால் கூரையைப் பிரித்து வெளியே தள்ளுவார்கள். லேண்ட் லீக் போராட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் வந்த பிறகுதான் குத்தகைக்காரன் உடைமையாளன் ஆனான். அப்படிக் கிடைத்த நிலத்தில் பட்டா கைமாறாமல் பாதை மட்டும் போடலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர் இந்த மண்ணைப் புரிந்தவர். பக்கத்துக் கவுண்டியான கால்வேயில் இதே போன்ற பாதைக்கு 2015இல் விவசாயிகள் கொதித்தெழுந்ததும் அமைச்சரே வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நிலத்தை வெட்டிக்கொண்டு போகிற வழி, கட்டாயக் கையகப்படுத்தல் பயம். அதன் பிறகுதான் 2021இல் நாடு முழுவதற்குமான நடைமுறை விதிகள் வந்தன, விவசாயிக்குப் பணம் தருவது உட்பட.

மேயோவில் நியூபோர்ட்–மல்ரனி பகுதி 2010இலேயே திறந்துவிட்டது. முழுப் பாதையையும் 2011இல் திறந்துவைத்தவர் அப்போதைய பிரதமர் எண்டா கென்னி, இதே கவுண்டிக்காரர். செலவு சுமார் 57 லட்சம் யூரோ. 2011ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டில் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்குச் சுமார் 72 லட்சம் வந்ததாகவும், புதிதாக 38 முழுநேர வேலைகளுக்குச் சமமான வேலை உண்டானதாகவும் கணக்கு. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் சிறந்த சுற்றுலா இடத்துக்கான ஈடன் விருதும் கிடைத்தது. எனக்கு அந்த 38 பிடித்திருக்கிறது. ஆயிரம் வேலை, பத்தாயிரம் வேலை என்று அறிக்கைகளில் படித்துப் பழகிப்போன கண்ணுக்கு, எண்ணிச் சரிபார்க்க முடிகிற ஒரு எண்.

பெரியவருக்கும் குறை இருக்கிறது. நாய். வருகிறவர்கள் கட்டாமல் அவிழ்த்துவிட்டுக் கூட்டிவருகிறார்கள், குட்டி ஈனும் நேரத்தில் ஆடு மிரண்டு ஓடிக் கரு கலைகிறது. "அதுக்குத்தான் கேட்டை மூடணும்னு ஒருநாள் தோணும். அப்புறம் என் பொண்ணோட காபிக் கடை ஞாபகம் வரும், விட்டுடுவேன்." கடை நியூபோர்ட்டில். மதியம் அங்கேதான் சூப் குடித்தேன். மகளைத் தேடினேன், டென்டிஸ்டிடம் போயிருந்தார்.

நியூபோர்ட்டில் ஆற்றின் மேல் ஏழு வளைவு கொண்ட பழைய ரயில் பாலம், செங்கல் நிறக் கல்லில். அதன் மேல்தான் நடந்துபோகலாம். பாலத்தின் நடுவில் நின்றபோது மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. மிச்ச 11 கிலோமீட்டர் பற்றி எழுத ஒன்றுமில்லை, தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

ஞாயிறு, குரோ பேட்ரிக்

நேற்றைய பதிவைப் படித்த ஒரு நண்பர் வாட்ஸப்பில் கேட்டார்: "சைக்கிள் பாதை போட்டா ஊர் முன்னேறிடுமா?" கொஞ்சம் பொறுங்கள், மலை இறங்கிவிட்டு வருகிறேன்.

குரோ பேட்ரிக் 764 மீட்டர். அயர்லாந்தில் கிறிஸ்துவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் நாற்பது நாள் நோன்பிருந்ததாகச் சொல்லும் மலை. ஜூலை கடைசி ஞாயிறு இங்கே ஆயிரக்கணக்கில் ஏறுவார்கள், சிலர் வெறுங்காலில். உச்சியில் 1905இல் கட்டிய வெள்ளைத் தேவாலயம். மேல் கூம்பு முழுக்கச் சரளைக்கல். மனிதக் கால் பட்டுப் பட்டுப் பாதை அகன்று, தண்ணீர் அரித்து, மலையில் ஒரு காயம் மாதிரி தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டிருந்தது.

அண்மை ஆண்டுகளில் ஒரு சிறு குழு அதைச் சரிசெய்திருக்கிறது. சிமெண்ட் இல்லை, இயந்திரம் இல்லை. மலையிலேயே கிடக்கும் கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து, நீளவாக்கில் மண்ணுக்குள் குத்தவைத்து, பக்கத்துக் கல்லோடு முட்டுக்கொடுத்து நிறுத்துகிறார்கள். நான் ஒரு படியில் குந்தி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. வெளியே ஒரு சாண்தான் தெரிகிறது, மிச்சமெல்லாம் உள்ளே. தண்ணீர் ஓட ஓரத்தில் வாய்க்கால். இறங்கும்போது முழங்காலுக்கு இதன் அருமை தெரிந்தது.

இதே மலையில் தங்கம் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1980களில் துரப்பணம் போட்டுக் கண்டுபிடித்தார்கள், வெட்டியெடுத்தால் லாபம் வருகிற அளவுக்கு. ஊர் எதிர்த்தது, கவுண்டி கவுன்சிலும் சுரங்கம் வேண்டாம் என்ற பக்கம் நின்றது. தங்கம் உள்ளேயே இருக்கிறது. வேலையில்லாமல் ஆட்கள் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது. வயிறு நிறைந்தவர்கள் எடுத்த முடிவில்லை.

அடிவாரத்தில் மரிஸ்க்கில் பஞ்ச நினைவுச் சின்னம். ஜான் பீஹன் செய்த வெண்கலக் கப்பல், 1997இல் வைத்தது. பாய்மரக் கயிறுகள் இருக்க வேண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள் பறக்கின்றன. எதிரே க்ளூ விரிகுடாவில் தீவுகள் சிதறிக்கிடக்கின்றன. பஸ் வர இருபது நிமிடம் இருந்தது, அங்கேயே நின்றேன்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சாயங்காலம் வெஸ்ட்போர்ட்டில் கும்பகோணத்துக்கார அக்கா ஒருவரைச் சந்தித்தேன். டப்ளின் நண்பர் மூலம் அறிமுகம். காசில்பார் மருத்துவமனையில் நர்ஸ். இங்கே ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கி தினமும் பஸ்ஸில் போய் வருகிறார்.

"பதிவெல்லாம் படிச்சேன் தம்பி. நல்லா எழுதறீங்க. ஆனா எல்லாமே வர்றவங்க கண்ணுல பார்த்தது."

"நீங்க பார்க்கிறதைச் சொல்லுங்கக்கா."

அவருடைய அறை செப்டம்பரிலிருந்து மே வரைக்கும்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அதே அறையைச் சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் ஒரு வாரத்தில் இவருடைய ஒரு மாத வாடகை வந்துவிடுகிறது. சட்டப்படி ஆறு மாதம் தாண்டிய வாடகைதாரருக்கு இங்கே உரிமை உண்டு. ஆனால் வீட்டுக்காரர் தானும் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை என்றால் அந்தச் சட்டம் செல்லாது. வீட்டுக்காரர் நல்லவர்தான், பொங்கலுக்கு இவர் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவருக்கும் அந்த மூன்று மாதப் பணம் வேண்டும். ஓட்டல்களில் வேலை செய்யும் பையன்களுக்கும் இதே கதி. சீசனில் ஆள் தேவை, அந்த ஆள் தங்க அறை கிடையாது. விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகளோ தெருத்தெருவாக விளக்கில்லாமல் நிற்கின்றன.

நேற்று 161 விவசாயிகளைக் கேட்டுச் செய்த காரியத்தைப் பாராட்டி எழுதியிருந்தேன். அந்தப் பாராட்டு இப்போதும் குறையவில்லை. ஆனால் பாதை வந்த பிறகு ஏறிய வாடகைக்கு யாருடைய சமையலறையிலும் யாரும் உட்கார்ந்து சம்மதம் கேட்கவில்லை. நிலம் உள்ளவனிடம் கேட்டாக வேண்டியிருந்தது, கேட்டார்கள். வாடகைக்கு இருக்கிறவரிடம் கேட்கக் கட்டாயம் ஏதுமில்லை. 38 வேலை உண்டாக்கினால் 38 பேர் படுக்க இடம் வேண்டும் என்பதையும் அதே அறிக்கையில் எழுதியிருக்கலாம். பாழடைந்த வீட்டுக்குத் தரும் 70,000 யூரோவால் சில வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது என்கிறார்கள். அந்த மானியம் வாங்க முதலில் அந்த வீடு உங்களுக்குச் சொந்தமாக வேண்டும்.

அக்கா டிபன் பாக்ஸில் எலுமிச்சம் சாதம் கொண்டுவந்திருந்தார், ரயிலில் சாப்பிடச் சொல்லி. நாளைக் காலை டப்ளின்.

"ஜூன்ல எங்கக்கா போவீங்க?"

"போன வருஷம் ஃப்ரெண்டு வீட்டு சோபால மூணு மாசம். இந்த வருஷம் காசில்பார்ல ஒரு அறை சொல்லி வெச்சிருக்கேன். வீட்டுக்காரம்மா ஏப்ரல்ல சொல்றேன்னிருக்காங்க."